வாளி

இரவு ஒன்பதே கால்.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மான்
தலையில் வாளியோடு நிற்கிறதென்று
யாரோ நகரசபைக்குப் போன் எடுத்தார்கள்.

பெயின்ற் வாளி. கழுத்துவரை இறங்கியிருந்தது.
கைபிடிக் கம்பி காதுக்குப் பின்னால் மாட்டி
குனியும்போதெல்லாம் தார் வீதியில்
டக் என்று இடித்தது.
கொம்பில்லாத பெட்டை.
இரண்டு நாளாம், தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார்.
இரண்டு நாளாய் ஒன்றும் தின்னாமல்
வாளிக்குள் தன் மூச்சையே குடித்துக்கொண்டு.

நஸ்மி டோர்ச் பிடித்தான்.
நான் சாக்கை எறிந்து கழுத்தோடு கட்டிக்கொண்டேன்.
அதன் இதயம் என் விலாவில் அடித்தது.
கொஞ்ச நேரம் எனக்கு இரண்டு இதயம்.
குறடு வழுக்கிப் பெருவிரல் கிழிந்தது.
முழங்காலில் ஒரு உதை. இன்னும் நோகுது.

வாளி கழன்றது.

பொய் சொல்லக் கூடாது,
நான் எதிர்பார்த்தேன்,
ஒருதரம் திரும்பிப் பார்க்கும் என்று.
கதைகளில் பார்க்கும்.
இது நாலடி ஓடி, நின்று,
மதிலோரத்தில் வாயை வைத்தது.
புல் என்றும் சொல்லேலாது.
புழுதி, பஸ் ரிக்கற், கச்சான் கோது,
அதுகளுக்கிடையில் ஏதோ பச்சை.
அதைத் தின்றது,
உலகத்தில் வேறொன்றும் இல்லாத மாதிரி.

"நன்றி கெட்ட சாமான்" என்றான் நஸ்மி,
தன் லேஞ்சியை என் விரலில் சுற்றிக்கொண்டு.
நானும் சிரித்தேன்.

சைக்கிள் மிதிக்க முழங்கால் விடவில்லை.
உருட்டிக்கொண்டு போனேன்.
பத்திரகாளி கோயில் கதவு சாத்தியிருந்தது.
உள்ளே இருப்பவளுக்கு நான் இரண்டு வருசக் கடன்,
ஒரு சோடி வெள்ளிக் கண்மலர்.
மிதுசாவின் கண்ணைத் தா, கொண்டு வாறன் என்று
ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து சொன்னது.
கண் வந்தது. வெள்ளியும் விலை ஏறியது.
அன்றிலிருந்து இந்த வாசலை
கடன்காரன் வீட்டைக் கடப்பதுபோல
மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் கடப்பேன்.

கட்டு அவிழ்த்த அன்று
டொக்டருக்கு தாங்ஸ் சொல்லு பிள்ளை என்றேன்.
சொல்லவில்லை.
தோளில் இடித்தேன். அதற்கும் இல்லை.
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜன்னலில் என்ன, ஒரு தண்ணீர்த் தாங்கி,
ஒழுகி ஒழுகிப் பாசி பிடித்த சுவர்,
சுவரில் ஒரு காகம்.
"அப்பா, காகம் முழுக்கக் கறுப்பில்லை.
கழுத்து சாம்பல்."
எனக்கு வெட்கம்.
அவளுக்கும் சேர்த்து நாலுதரம் கும்பிட்டேன்.
டொக்டர் என்னைக் கவனிக்கவில்லை.
காகத்தைப் பார்க்கும் அவளைப்
பார்த்துக்கொண்டு நின்றார்,
அடுத்த நோயாளியைக் கூப்பிட மறந்து.

இதை நான் இரண்டு வருசமாய்
அவள் விட்ட பிழையாகத்தான் வைத்திருந்தேன்.

கதவுக்கு வெளியில் செருப்பைக் கழற்றினேன்.
எதிர் மைதானத்தில் மான்கள் படுத்திருந்தன.
இருட்டில் உருவம் இல்லை, அசைபோடும் சத்தம் மட்டும்,
யாரோ ஈரத் துணியை மெல்லக் கசக்குவதுபோல.
தாயே என்று தொடங்கினேன்.
இந்த மாதமும் ஏலாது என்றேன்.
அதற்குமேல் வரவில்லை.
கடல் பக்கமிருந்து காற்று வந்தது. பசித்தது.

வீட்டில் புட்டும் சூடை மீன் சொதியும்.
வழக்கமாய் உப்பில் தொடங்கி
கரண்ட் பில்லில் முடிப்பேன்.
விரல் கட்டோடு குனிந்து, கரண்டியால்,
சொதி ஊறிய புட்டை அள்ளி அள்ளித் தின்றேன்.
தேங்காய்ப்பூ இனித்தது.
இத்தனை நாளும் இனித்திருக்கும்.

"என்னப்பா, ஒன்றும் சொல்லாமல் தின்னுறியள்?"
என்றாள் மனைவி.

வாய் நிறைய இருந்தது.